நீள்வீட்டில் எனக்கொரு படுக்கை

என்னோடு கதையாமலே போய்விட்ட என் ஆசை அக்காவுக்கு,

ஊரில் எல்லோரும் அக்காமாரை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றரை வயது மூப்புக்கு அவ்வளவு மரியாதை தர ஏலாது என்று நான் சின்னதிலேயே சொல்லிவிட்டேன். இப்போதும் 'நீ'தான். செத்துப்போனாய் என்பதற்காக மாற்றுவேன் என்று நினைக்காதே.

முதலில் என் பக்கத்துப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் லூயிஷாமில் அதே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இன்னும் வகுப்பு உதவியாளராகத்தான் இருக்கிறேன். பிள்ளைகளின் ஜாக்கெட்டைக் கொக்கியில் கொழுவி, பென்சில் சீவி, மூக்குத் துடைத்துவிடுகிற வேலை. இந்தத் தவணை எங்கள் வகுப்புக்கு இரோகுவா மக்களின் கிராம வாழ்க்கை பாடம். வட அமெரிக்காவின் பழங்குடிகள். "அவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், உங்களைப்போல காரும் போனும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் படிப்பது அவர்களுடைய பழைய ஊரை" என்று சொல்லித்தான் ஆசிரியை தொடங்கினாள். என் மகள் வயதுதான் இருக்கும், நல்ல பிள்ளை.

அந்த ஊரில் வீடுகள் நீளமானவையாம். மரப்பட்டையால் மூடிய நீள்வீடு. நடுவால் வரிசையாக அடுப்புகள், ஒவ்வொரு அடுப்புக்கும் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கு ஒரு நெருப்பு. வீடு பெண்களுடையது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். "ஆக்கள் கூடி இடம் காணாமல் போனால்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "வீட்டை நீட்டுவார்கள்" என்றாள் ஆசிரியை.

அக்கா, எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத ஏலாது. நீட்டுவார்களாம்! எங்கள் ஊரிலும் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருகிறவர், வீடும் பெண்ணுக்குத்தானே. ஆனால் எங்களைப் பெத்த அப்பு எதையும் நீட்டவில்லை. உன் கலியாணத்துக்கு முழு வீட்டையும் உன் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதித் தந்தார். "சின்னவளுக்குப் பிறகு பாப்பம்" என்றார். பிறகு எங்கே பார்த்தது? சண்டை வந்தது, எல்லோரும் ஓடினோம்.

உண்மையைச் சொன்னால், நாங்களும் ஒரு நீள்வீட்டில் இருந்தவர்கள்தான். இங்கே வந்த புதிதில் லூயிஷாமில் ஒரு வீடு, மேலே நீயும் அத்தானும், கீழே நானும் அவரும், ஒரே ஒரு காஸ் அடுப்பு. முன் அடுப்பில் உன் சோறு, பின் அடுப்பில் என் கறி. நீ இரவு ஷிப்டுக்குப் போக, உன் மகள் தர்ஷியை நான் குளிப்பாட்டி, சோறு தீத்திப் படுக்க வைத்தேன். அந்த நாலு வருசமும் நாங்கள் ஒரு நாளாவது சண்டை பிடித்தோமா?

பிறகு நீ வீடு மாறி லண்டனின் மற்றப் பக்கம், சட்டனுக்குப் போனாய். பிறகு அம்மா போனா. அவவின் முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு உன் வீட்டுக்கு வந்தபோதுதான் ஆரோ ஒருத்தி, "ஊர் வீட்டை வித்தாச்சாம், உங்களுக்குத் தெரியாதோ?" என்று என் காதில் போட்டாள். எனக்குத் தெரியாது. நான் பிறந்த வீடு, எனக்குத் தெரியாது.

நீ எனக்கு வடை போட வந்தாய். "அம்மா போய் ஒரு வருசம் முடிய முந்தி வீட்டை வித்துப்போட்டு எனக்கு வடை போட வாறாய், என்ன?" என்று கேட்டேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் கேட்டேன்தான். நீ குரலைக் கூடக் கூட்டவில்லை. "உறுதி என்ர பேரில இருக்கு. உன்னட்டக் கேட்டுத்தான் விக்க வேணுமோ?" என்றாய். "இண்டையில இருந்து எனக்கு அக்கா இல்லை" என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைக்காமல் எழும்பி வந்தேன்.

திவசச் சோற்றை உதறிவிட்டு எழும்புவது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழும்பினேன். அதற்குப் பிறகு நல்லது கெட்டது ஒன்றுக்கும் நீ என் வாசலுக்கு வரவில்லை, நானும் உன் வாசலுக்கு வரவில்லை.

உன் மரண அறிவித்தலை என் போனில் பார்த்தேன். பஸ்ஸில் இருந்தேன். அன்பு மனைவியும், பாசமிகு தாயாரும், ஆசை அம்மம்மாவும் என்று எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். அத்தானின் ஒன்றுவிட்ட தம்பிமாரின் மனிசிமாருடைய பெயர் கூட இருந்தது. என் பெயர் இல்லை. மேலும் கீழுமாக மூன்று தரம் தேடினேன், இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

ஆனாலும் உன் செத்தவீட்டுக்கு வந்தேன். கடைசி வரிசைக் கதிரையில் இருந்தேன். வாய்க்கரிசி போட உரித்துக்காரரைக் கூப்பிட்டார்கள். அத்தான் என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். கூப்பிடாமல் எழும்பிப் போக எனக்கு ரோசம் விடவில்லை. அந்த ரோசத்தை இப்போது நான் என்ன செய்ய?

இனித்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிய காரணம். உன் பேத்தி மாயா போன செப்டம்பரிலிருந்து எங்கள் வகுப்பில்தான் படிக்கிறாள். தர்ஷி லூயிஷாமுக்கு வீடு மாறி வந்தது எனக்குத் தெரியாது. முதல் நாள் பள்ளிக்கூடக் கேற்றடியில் என்னைக் கண்டதும் தர்ஷியின் முகம் வெளிறிப் போனது. பிறகு, "குட் மோர்னிங் மிஸ்" என்றாள். நான் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை! அன்றிலிருந்து தாய்மார் வருகிற நேரம் நான் போட்டோகொப்பி அறைக்குள் போய்விடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் காட்போட் பெட்டியில் நீள்வீடு செய்தார்கள். தாய்வழிச் சொந்தங்களைக் கடதாசிப் பொம்மையாக வெட்டி உள்ளே வைக்க வேண்டும். மாயா அம்மாவை வெட்டினாள், உன்னை வெட்டினாள், உனக்குப் பென்சிலால் கண்ணாடியும் கீறினாள். "இன்னும் ஒராள் இருக்கு மிஸ்" என்றாள். ஆங்கிலத்தில்தான் கதைக்கிறாள், அம்மம்மா என்பது மட்டும் தமிழில். "அம்மம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தவ. ஆனா அவ எப்பவோ செத்திட்டா."

"ஆர் சொன்னது?"

"அம்மம்மாதான்."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் திறந்தபடி வைக்கக்கூடாது என்பது எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம்.

அடி பாவி! நான் எதனால் செத்தேன்? காய்ச்சலா, குண்டு விழுந்ததா, இல்லை லூயிஷாமில் பஸ் அடித்ததா? எட்டாம் நாள் படைத்து எனக்கு எட்டுச் செலவு செய்தாயா? அந்தக் குழந்தைக்குச் சொல்லும்போது உன் நாக்குக் கூசவில்லையா? இல்லை, சொல்லிவிட்டு அங்கால் போய் அழுதாயா? அதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே.

சரி, நானும் யோக்கியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் சகோதரங்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரே பிள்ளை என்று சொன்னேன். உன் செத்தவீட்டுக்கு லீவு கேட்டபோது, ஊர்க்காரி ஒருத்தி என்று எழுதிக் கொடுத்தேன்.

"நான் ஒருநாளும் காணாத ஆளையும் வைக்கலாமா மிஸ்?" என்று மாயா கேட்டாள். வை என்றேன். "அவ எப்பிடி இருப்பா எண்டு எனக்குத் தெரியாது." "உன்ர அம்மம்மா மாதிரித்தான். கொஞ்சம் கட்டை" என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. வெட்டி, பசை பூசி, உனக்கு நேர் முன்னால் என்னை ஒட்டினாள். நடுவில் சிவப்புக் கடதாசியில் ஒரு அடுப்பு. அதற்கும் இடம் காணாமல், இன்னொரு பெட்டியை வெட்டி வீட்டை நீட்டித்தான் எனக்குப் படுக்கை வைத்தாள், அக்கா. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

வருகிற வெள்ளிக்கிழமை தாய்தகப்பன்மார் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு நான் போட்டோகொப்பி அறைக்குள் போகமாட்டேன். அந்தப் பெட்டி வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். மாயா ஒவ்வொரு பொம்மையாகத் தொட்டுத் தாய்க்குக் காட்டுவாள். "இது அம்மம்மாவின்ர தங்கச்சி, செத்திட்டா" என்று அவள் சொல்லும்போது, "இல்லைக் குஞ்சு, நான் இருக்கிறன்" என்பேன். தர்ஷி முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும். அவள் பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினாலும் மாற்றட்டும்.

உன்னைப் பொய்க்காரி ஆக்கப் போகிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் திவசத்தில் நான் சொன்ன சொல்லை அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால் திருப்பி எடுப்பேன். உன் அம்மம்மா என் அக்கா என்று சொல்லுவேன். வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும்.

அறிவித்தலில் பெயர் இல்லாத,
உனக்கு முந்தியே நீ சாகக் கொடுத்த,
உன் ஒரே தங்கச்சி
பபா