மாமா கண்டுபிடித்த மிஹ்ராப்

2013 ஏப்ரல் 11, வியாழன்

இந்தக் கொப்பியில் உண்மையை மட்டுமே எழுதுவேன். யாரைப் பற்றியதாக இருந்தாலும் சரி. என்னைப் பற்றியதாக இருந்தாலும் (முடிந்தவரை).

சாதாரண தரப் பரீட்சையில் வரலாற்றுக்கு ஏ! உயர்தரத்துக்கும் வரலாறுதான் படிக்கப்போகிறேன். ஆனால் குறிஞ்சிப்பிட்டியில் அதற்கு வழியில்லை. புத்தளத்தில் விடுதியில் நிற்க வேண்டும். விடுதிப் படிவத்தில் பாதுகாவலரின் கையொப்பம் வேண்டும். வாப்பா கட்டாரில் வேலை. ஆகவே எல்லாம் அத்தாஉல்லா மாமாவின் கையில்.

மாமா உம்மாவின் மூத்த நானா, அண்ணன். கற்பிட்டியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். படிவம் ஒரு கிழமையாக அவருடைய மேசையின் இழுப்பு லாச்சியில் கிடக்கிறது.

"பழைய கல்லுப் பொறுக்கிறத்துக்கா புள்ள படிக்கிற? கடைக்குப் பின்னால லோட் கணக்கில கல்லுக் கிடக்கு. வந்து பொறுக்கு."

சனிக்கிழமை குடும்பம் முழுவதையும் இரண்டு நாள் கடலில் 'குறூஸ்' கூட்டிப்போகிறாராம். அங்கே வைத்துப் பேசுவாராம்.

ஏப்ரல் 13, சனி, கடலில்

குறூஸ் கப்பல் என்பது அன்ரனிப்பிள்ளை அண்ணனின் படகு. இப்போது டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றுகிறது. முன்பு கருவாடு ஏற்றியது. வாசம் இன்னும் இறங்கவில்லை.

மாமாவின் மனைவி மரியம் மாமி படகு ஆட்டத்தில் இரண்டு தரம் சத்தி எடுத்துவிட்டார். வட்டிலப்ப இனிப்புச் சட்டியை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை. டொல்பின் ஒன்றும் வரவில்லை. மாமா கை தட்டிக் கூப்பிட்டார். வருமா?

ஏப்ரல் 14, ஞாயிறு

நேற்றுப் பகல் நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. நேற்றுப் படகு ஆடியது மட்டும் காரணமல்ல.

வடக்கே காட்டோரமாக ஒரு கரையில் இறங்கினோம். ஒரு அரசி ஆண்டதாக என் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டே வரியில் வரும் இடம். செங்கல் அத்திவாரம், உடைந்த ஓடுகள், ஒரு கிணறு. நான் ஒவ்வொரு செங்கல்லாக அடிமட்டத்தால் அளந்துகொண்டிருந்தேன். மாமா வழிகாட்டியாகிவிட்டார். கிணறு அரசியின் நீச்சல் தடாகமானது. ஓடு ஒவ்வொன்றும் இரண்டாயிரம் வருடம் பழையதானது. பல்லைக் கடித்துக்கொண்டேன். லாச்சியில் படிவம் இருக்கிறதே.

பிறகு பற்றைக் காட்டுக்குள் கூரையில்லாத ஒரு சின்னக் கட்டடத்தைக் கண்டார். மேற்குச் சுவரில் ஒரு மாடம், பள்ளிவாசலில் தொழும் திசையைக் காட்டுவது போல.

"அல்லாஹு அக்பர்! மிஹ்ராப்! அந்தக் காலத்து அறபு வியாபாரிமாரு கட்டின பள்ளி! இதில லுஹர் தொழாமப் போனா நாங்க மனிசரா?"

உள்ளேயும் வாசலிலுமாகப் பாய் விரித்தார்கள். ஆண்கள் வரிசை பிடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு ஒரே கேள்வி: அறபு வியாபாரிகளுக்கு சீமெந்துக் கல் எங்கிருந்து கிடைத்தது? உள்ளே போய், பாய் படாத மூலையில் காலால் மணலைத் தள்ளினேன். வழுவழுவென்று ஏதோ பட்டது. இன்னும் தள்ளினேன். வெளிர்நீலம். இரண்டு பக்கமும் பாதம் வைக்கிற இடம்.

கக்கூஸ் பீங்கான்! மாமாவின் கடையில் மூன்றாம் தட்டில் இருப்பதேதான்.

அன்ரனிப்பிள்ளை அண்ணனிடம் ஓடினேன். படகில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை, சண்டை நேரம் இங்க நேவிக்காரர் இருந்தவை. அது அவையின்ர கக்கூஸ். அந்த மாடம் சவர்க்காரம் வைக்கிறதுக்கு."

"ஏன் அண்ணே சொல்லல்ல?"

"ஆரும் கேக்கேல்லையே."

திரும்பி ஓடினேன். மாமா தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கக் கையைக் காதுவரை தூக்கிவிட்டார். சொன்னால் படிவம் போச்சு. சொல்லாவிட்டால் பதினொரு பேருடைய தொழுகை போச்சு. என்னுடைய படிப்புக்காக இத்தனை பேரைக் கக்கூஸில் தொழ விடுவதா?

"மாமா, கைய இறக்குங்க! இது கக்கூஸ்!"

மாமி வந்து பீங்கானை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். குமட்டலை மறந்து, குந்தியிருந்து சிரித்தார். "சொந்தக் கட மூணாந்தட்டுச் சாமான் எங்கட மனிசருக்கே தெரியல்லயே!" என்றார். அதுதான் பெரிய பிழையாகிவிட்டது.

கடற்கரை மணலில் தொழுதோம். அதன் பிறகு மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

நேற்று வீடு வந்து சேரும்வரை மாமா கதைக்கவில்லை. டொல்பினும் வரவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

படிவத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி வரும்படி உம்மா அனுப்பினார். கடையில் நாலைந்து பேர். மாமா உற்சாகமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"...எல்லாரும் தொழ நிண்டுட்டாங்க. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். காலால மணலத் தட்டினன், பீங்கான்! 'நில்லுங்க எல்லாரும்!' எண்டன். முப்பது வருசமா இந்தச் சாமானை விக்கிறன், எனக்குத் தெரியாதா?"

என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். காது சிவந்தது. பிறகு சத்தமாக, "என்ன றிஸ்லா, அப்பிடித்தானே?"

லாச்சி பாதி திறந்திருந்தது. படிவத்தின் மூலை தெரிந்தது.

"ஓம் மாமா" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "நீங்க இல்லாட்டி நாங்க எல்லாரும் அதிலதான் தொழுதிருப்பம்" என்றும் சொன்னேன். யா அல்லாஹ்!

மாமா பேனையை உதறி ஒப்பம் வைத்தார். மையை ஊதிக் காயவைத்தும் தந்தார்.

புத்தகங்களில் வரும் அரசர்களும் யாராவது ஒருத்தியைப் பார்த்து 'அப்பிடித்தானே?' என்றுதான் கேட்டிருப்பார்களோ?

ஜூன் 17, திங்கள், புத்தளம்

என் கட்டில் ஜன்னலோரம். அலுமாரிக்குப் பூட்டு இல்லை. பக்கத்துக் கட்டில் மபாஸா, கற்பிட்டிப் பிள்ளை. பெயரைச் சொன்னதும் எழும்பி உட்கார்ந்தாள்.

"நீங்க ஹார்ட்வெயார் அத்தாஉல்லா ஹாஜியார்ட மருமகளா? அவர்தானே காட்டுக்குள்ள ஏழு கக்கூஸ் கண்டுபிடிச்ச?"

ஏழு!

"ஒண்டுதான்" என்றேன். "அதும் அவர் இல்ல."

மபாஸா கட்டிலை என் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு உண்மைக் கதையைக் கேட்கக் காத்திருக்கிறாள். விளக்கை அணைக்கப் போகிறார்கள்.