முதல் பரிசுக் கோப்பை

என் ஓட்டக்காரிக்கு,

நேற்று நான் வெற்றிகரமாக வாந்தி எடுத்தேன். மருத்துவர் கைகுலுக்கிப் பாராட்டினார்.

குடியை மறக்கடிக்கும் இந்த வைத்தியம் எளிதுதான். குமட்ட வைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யும் நேரம் பார்த்து பிராந்தியை நீட்டுகிறார்கள். இப்படியே பழக்கினால் பிறகு மருந்தே வேண்டாம், பிராந்தியின் வாசனைக்கே வயிறு புரளும். மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்களிடமிருந்து வந்த யோசனையாம். நான் பழகப் பத்து நாள் ஆயிற்று.

வீட்டில் எதில் குடிப்பேனோ அதையே கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா அந்தக் கோப்பையைக் கொடுத்தனுப்பினாள். நர்ஸ் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“நூறு மீட்டர், முதல் பரிசுன்னு போட்டிருக்கே! நீங்களா சார் ஓடுனீங்க?”

“என் பொண்ணு.”

அதன்பிறகு அவர் மருந்தைச் சற்றுத் தாராளமாகவே ஊற்றினார்.

இன்று காலை வெறும் கோப்பையை மட்டும் காட்டினார்கள். நான் கழிவறைக்குப் பறந்த வேகத்தை நீ பார்த்திருந்தால், ஓட்டம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று புரிந்திருக்கும்!

சனிக்கிழமை உன் போட்டிக்குப் போய்வர மருத்துவர் சம்மதித்துவிட்டார். “இனிமே என் ஸ்கூல் பக்கமே வராதீங்கப்பா” என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், வரலாமா? வேலிக்கு வெளியே நின்றுகொள்கிறேன்.

நீ ஜெயித்துக் கோப்பையைத் தூக்கும்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் வருத்தப்படாதே. இனி உன் கோப்பை எதையும் தொடமாட்டேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே உத்தரவாதம் அதுதான்.

பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
அப்பா