இப்போது அது பேசுகிறது, கோமதி

என் கோமதிக்கு,

இந்தத் தடவையும் மழை ஏமாற்றிவிட்டது. உங்கள் கழுகுமலைப் பக்கமும் கரிசல் வெடித்துத்தான் கிடக்கிறதாம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உன் எம்பி3 பிளேயர் விஷயத்தில் எனக்கு ஒரே குழப்பம். உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

உன் தம்பி துபாயிலிருந்து அதை அனுப்பியபோது, கண் தெரியாத உனக்குத் திரை வைத்த சாமான் எதற்கு என்றுதான் நினைத்தேன். நீ பொத்தான்களைத் தட்டித் தட்டியே பாட்டு எங்கே, ரேடியோ எங்கே என்று விரலில் பிடித்துக்கொண்டாய். தீப்பெட்டி ஆபீசில் டெலிபோன் போர்டையே விரலால் ஆண்டவளுக்கு இது எம்மாத்திரம்?

பிறகு அது பாதிப் பாட்டில் நின்று நின்று போனது. கம்ப்யூட்டர் கடை மீரானிடம் கொடுத்தோம். அவன் அப்டேட் என்று உள்ளே ஓடுகிற புரோகிராமையே புதிதாக மாற்றினான். அதற்கப்புறம் பாட்டு நிற்கவில்லை. ஆனால் மெனுவின் வரிசை மாறிவிட்டது. ரேடியோ என்று நீ தட்டினால் கடிகாரம் வந்தது. அன்றைக்கு உன் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை.

"வீட்ல ஆளில்லாத நேரம் பாத்து சாமானெல்லாம் எடம் மாத்தி வச்ச மாதிரில்லா இருக்கு, அத்தான்! இனிமே இத ஒருத்தரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் திரையை வாசித்துக் காட்டுகிறேன் என்றதற்கு, "நீங்க ஒங்க கடைக்குப் போங்க" என்றாய். மீரானிடம் மட்டும் ஒன்று கேட்டாய்: "ஏலே மீரான், எந்த எடத்துல நிக்கேன்னு அதுவே வாய் விட்டுச் சொல்லுத மாதிரி ஒண்ணு கெடைக்காதா?" தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நீயோ புது வரிசையையும் தட்டிப் பழகிக்கொண்டாய். அப்புறம் அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து, நான் கடை திறக்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் மீரான் ஓட்டமாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, அக்கா கேட்டாவல்லா, அது கெடைச்சிட்டு! வெளிநாட்டுல யாரோ சும்மாவே எழுதிக் குடுத்திருக்காவ. உள்ள ஓடுத ஆப்பரேட்டிங் சிஸ்டமே வேற. போட்டா மெனுவைப் பேசிக் காட்டும்."

"இப்ப எதுக்குலே வந்து சொல்லுத?" என்று கத்திவிட்டேன். அவன் பாவம், வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவன்மேல் எனக்குக் கோபமா? இல்லை. அப்படியானால் யார்மேல்?

டெலிபோன் போர்டில் உன் நாற்காலிக்கு ஈஸ்வரி வந்திருக்கிறாள், தெரியுமா? பசுவந்தனைப் பிள்ளை, அவளுக்கும் பார்வை கிடையாது. ஆபீசில் உன் பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, "அக்கா வச்சிருந்தத ஒரு நாளைக்குக் கேட்டுட்டுத் தரட்டுமா, அண்ணாச்சி?" என்று கேட்டாள். தொடக் கூடாது என்று நீ சொன்னாய். வாய் விட்டுச் சொல்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டவளும் நீதான். இரண்டில் எந்தக் கோமதியின் பேச்சை நான் கேட்பது?

கடைசியில் அந்தப் பேசுகிற புரோகிராமைப் போடச் சொல்லி மீரானிடம் கொடுத்தேன். பாட்டு அழிந்துவிடுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் அழியவில்லை. ஈஸ்வரி காதில் மாட்டிக்கொண்டு பொத்தானைத் தட்டினாள். யாரோ வெள்ளைக்காரன் இங்கிலீஷில் மெனுவைச் சொல்கிறானாம். நம் பாட்டுப் பெயர் வந்தால் வாசிக்கத் தெரியாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறானாம். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மீரானும் சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோகூட வந்தது. அதற்கு என்ன பெயர், கோமதி?

சிரித்து முடித்துவிட்டு ஈஸ்வரி கேட்டாள்: "குரல் இல்லாமலே அக்கா எப்படி ஓட்டுனாவ? அந்த வழியும் எனக்குத் தெரியணும். சொல்லித் தாரீங்களா?"

"ஞாயித்துக்கெழமை வாம்மா, வச்சு நிதானமாப் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். என்னத்தைப் பார்க்க? பாட்டுப் பெட்டிக்குள்ளே நீ பழகிய வரிசையே இப்போது இல்லை. இருந்தது உன் விரலில்தான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து உன்னோடு பாட்டுக் கேட்டிருக்கிறேன். எப்படித் தட்டுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையே, அது ஏன்?

பெட்டியை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இதில் உனக்குச் சந்தோஷமா, வருத்தமா என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்ததும் மழுப்ப மாட்டேன். "அது உங்க அக்காவுக்கு மட்டுந்தாம்மா தெரியும்" என்று சொல்லிவிடுவேன்.

உன் அத்தான்,
சங்கரபாண்டி