பாம்பு வருடம் வரும்வரை

12 மார்ச் 2023, ஞாயிறு
ஐந்து வீடு பார்த்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். ஆறாவது பிடித்துவிட்டது! ஹா டோங்கில் பழைய அடுக்ககம், நான்காம் மாடி, இரண்டு அறை. 240 கோடி டாங். சேமிப்பும் வங்கிக் கடனுமாக எட்டிப் பிடித்துவிடலாம்.

ஒரு அறை மித்துக்கு. என் பெண் நாம் தின் நகரில் நாத்தனார் லுயென் அக்காவிடம் வளர்கிறாள். நானும் கணவர் தொவானும் ஹனோயில் ஒற்றை அறையில் அடுப்பையும் கட்டிலையும் ஒட்டிப்போட்டுக் குடித்தனம் நடத்துகிறோம். அவள் ஒன்றாம் வகுப்பு சேர்வதற்குள் கூட்டி வந்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

15 மார்ச்
லுயென் அக்கா சோதிடரைப் பார்த்துவிட்டு அழைத்தார்.

"தொவான் மாதிரி டிராகன் வருஷத்துல பொறந்தவனுக்குப் புலி, பூனை, டிராகன் மூணு வருஷமும் வீடு ஆகாதாம். இப்ப பூனை வருஷம் நடக்குது. பாம்பு வரட்டும், அப்புறம் வாங்குங்க."

பாம்பு வர இன்னும் இரண்டு வருடம். வயது சரியில்லை என்றால் நல்ல வருடத்தில் பிறந்த ஒருவரைத் தனக்குப் பதில் நிற்கவைத்து, அவர் வயதை இரவல் வாங்கிப் பூஜை செய்வது எல்லோரும் செய்வதுதானே? என் அண்ணனைக் கேட்கலாமே என்றேன். தொவானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் வீட்டுக்கு உங்க அண்ணன் வந்து ஊதுபத்தி ஏத்தணுமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன்?

16 மார்ச்
தரகரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

2 நவம்பர் 2023
அதே கட்டடம், அதே அளவு வீடு. 290.

18 மே 2024, சனி
தொவான் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடம் புதுக் கட்டடமாம். முப்பத்தெட்டு மாடி.

"சாயங்காலம் கீழ நின்னு எண்ணிப் பாத்தேன். இருபது வீட்டுலகூட விளக்கு எரியல. எல்லாம் வாங்கிப் பூட்டி வெச்சிருக்காங்க."

"பூட்டி வெச்சு?"

"விலை ஏறும்ல."

கட்டுவதெல்லாம் அவர்களுக்காகத்தான். எங்களைப் போன்றவர்களுக்கு வீடு கட்ட ஊரில் ஒரு ஆள் இல்லை.

7 அக்டோபர் 2024
350. இனிமேல் கேட்கப் போவதில்லை. (நாளைக்கும் கேட்பேன்.)

16 பிப்ரவரி 2025, ஞாயிறு
பாம்பு வருடம் பிறந்து மூன்றாம் வாரம். ஊரின் கடைக்கோடியில் ஒரு வீடு கிடைத்தது. தீப்பெட்டி மாதிரி இரண்டு அறை, 310 கோடி. இருபத்தைந்து வருடக் கடன். வீட்டுக்காரி தோவா அம்மாவிடம் பத்துக் கோடி முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டோம். மித்திடம் வீடியோவில் சொன்னேன். "ஜன்னல் இருக்கா?" என்றாள். இருக்கிறதடி, செல்லமே.

27 பிப்ரவரி
தோவா அம்மா ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். பக்கத்தில் தரகர்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. இன்னொருத்தர் நாப்பது கோடி கூடக் கொடுக்கிறாரு. பேசின மாதிரி முன்பணத்தை ரெண்டு மடங்கா திருப்பிக் கொடுத்துடறேன்."

எனக்கு வீடுதான் வேணும், இந்தப் பணம் வேண்டாம்க்கா, என் பொண்ணு வரணும்க்கா — கெஞ்சினேன், வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். தரகர் சிரிக்கிறார்.

"பதினோரு நாள்ல சும்மா பத்துக் கோடி சம்பாதிச்சிருக்கீங்க. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

பேசியபடி நடந்துகொண்டவரை என்னவென்று திட்டுவது? தொவான் தலை குனிந்து பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பத்துக் கோடி கூடுதலாகக் கையில் இருந்தும், அந்தப் பக்கம் ஒரு வீடும் எங்களுக்கு எட்டாது.

20 ஜூன்
பள்ளியில் பெயர் கொடுக்கக் கடைசி வாரம். லுயென் அக்கா அங்கேயே விண்ணப்பம் போட்டுவிட்டாராம். "நீங்க ரெண்டு பேரும் அலைய வேணாம்னுதான்."

கோபத்தில் தொவானிடம் கத்தினேன். "உங்க அக்காவுக்கு அவளை விட மனசில்ல. அதான் சோசியம், பாம்பு, பூனை எல்லாம்."

"இருக்கலாம்," என்றார். "ஆனா வயசு இரவல் வேணாம்னது நான்தானே."

சோதிடர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா? அக்காவிடம் கேட்க மாட்டேன். ஐந்து வருடமாக என் பெண்ணுக்குச் சோறூட்டித் தலை வாரிவிடுகிறவர். கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

5 செப்டம்பர் 2025, வெள்ளி
நாம் தின். பள்ளித் திறப்பு நாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கொடியோடு வரிசையாக வந்தார்கள். மித் அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஆசிரியை என்னைப் பார்த்து, "நீங்க குழந்தைக்கு யாரு?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மித் சொன்னாள். மரியாதையாக, கை கட்டிக்கொண்டு.

"இவங்க என்னோட ஹனோய் அம்மா, டீச்சர். நாளைக்குக் கிளம்பிடுவாங்க."