நீங்களும் வாங்களே

18.8.1963, ஞாயிறு இரவு

பக்கத்து வீட்டு சலீமா ராத்தா இன்றைக்குக் குடும்பத்தோடு கொழும்பு பார்க்கப் போனார். எங்கெங்கே போவது என்று ஒரு வாரமாக வேலியோரம் நின்று என்னைத்தான் கேட்டார். அங்கே படித்தவள் நான். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் யானை ஆடுவது சாயந்தரந்தான், அதற்கு முன் நூதனசாலையில் பழங்காலப் பொருள்களைப் பார்த்துவிடுங்கள், காலிமுகத்திடல் கடற்கரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொன்னேன்.

நேற்று ராத்தா, "நீங்களும் வாங்களே டீச்சர், தனியா இருந்து என்ன செய்யப் போறீங்க" என்றார். நான் அதை நம்பிவிட்டேன்.

விடியும் முன்பே நீலச் சீலை உடுத்தி, சோற்றுப் பார்சல் கட்டி, கைப்பையோடு போய் நின்றேன். வாடகை வேனில் மடிக்கு ஒரு பிள்ளை. ராத்தாவின் முகம் ஒரு கணம் மாறியது. உடனே, "ஏறுங்க டீச்சர், நெருக்கி இருப்போம்" என்று மகளைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

"இல்ல ராத்தா, போயிட்டு வாங்கன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றேன். பார்சலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

கடலைப் பார்த்துச் சாப்பிடக் கட்டிய சோற்றைச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். இப்போது யானை, இப்போது கடற்கரை என்று நாள் முழுக்க அவர்களோடு போய்க்கொண்டே இருந்தேன். சீலையை மாற்றத் தோன்றவில்லை.

சற்று முன்தான் வந்து சேர்ந்தார்கள். "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருந்திச்சு டீச்சர்" என்றார் ராத்தா. "அடுத்த முறை நீங்களும் கட்டாயம் வரணும்."

"அதுக்கென்ன ராத்தா, பார்ப்போம்" என்றேன்.

நேற்றும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.