மூன்றாவது கூண்டு

என் செல்ல ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. கிண்டி ஆய்வகத்தில் உன் மேசையை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்பவர்களிடம் அதன் கால் ஆடுகிறது என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருந்தால், "போதும், ஒரு டீ வாங்கிக் குடு" என்றிருப்பாய்.

பூச்சிமருந்து கொடுத்த எலிகளுக்குக் கீழாநெல்லிச் சாறும் கொடுத்தபோது ஈரல் சேதம் குறைந்ததே, இலையிலிருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் காப்பாற்றுகிறது என்று நாம் குதித்தோமே, அதை அன்றே வீட்டில் சொன்னேன். தி.நகர் ஓட்டல்களில் கரப்பானுக்கு மருந்தடிக்கும் என் வீட்டுக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பார். முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் கத்தினால், உன் ஆராய்ச்சியை நீயே நம்பவில்லையா என்பார். வேலை முடிந்து வந்தால் தலைவலி, வாந்தி. பயத்தில் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மயிலாப்பூரிலிருந்து நேராகக் கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

"மாஸ்க் போடறதில்லையாமே அண்ணே?"

"அதான் கீழாநெல்லி குடிச்சிக்கினு கீறேனே. எலியே பொழச்சிக்கிச்சாம், எனுக்கு இன்னா?"

"உங்க பொண்டாட்டி ரெண்டு கூண்டு கதையத்தான் சொல்லியிருக்கா. ஒண்ணுல மருந்து மட்டும், இன்னொண்ணுல மருந்தோட சாறு. மூணாவதும் ஒண்ணு இருந்துச்சு, மருந்தே படாத எலிங்க. சாறு குடிச்சதுங்க ஈரல் அந்த அளவுக்குத் தேறவே இல்ல. நீங்க எந்தக் கூண்டுல இருக்கப் போறீங்க?"

மறுநாள் ஆணி காலியாக இருந்தது.

இப்போது கையுறையும் போடுகிறார். வாந்தி நின்றுவிட்டது. அந்தக் கசப்பு மோரை மட்டும் விடவில்லை, பழகிவிட்டதாம். உன் கல்லறைக்குப் பூ வாங்கப் போனால் என்னை முந்திக்கொண்டு போகிறார். நீ அன்று வராமல் இருந்திருந்தால்? நினைக்கவே பிடிக்கவில்லை.

ஒரு சங்கதி தெரியுமா? அவரோடு மருந்தடிப்பவர்கள் சிலர் இன்னமும் கீழாநெல்லியை நம்பி முகமூடி இல்லாமல் போகிறார்கள். பழக்கிவிட்டதே இவர்தான். வருகிற ஞாயிறு அவர்கள் வீடுகளுக்குப் போகிறோம், இவரும் வருகிறார். உன் வாய் எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு வீடு விடாமல் சொல்வேன், இது உனக்கு என் வாக்கு. அங்கேயும் ஒருத்தி சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
மல்லிகா