பம்பாயில் இருக்கிற அப்பா

செண்பகம்,

சோறும் புளிக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். அப்பளம் நீயே சுட்டுக்கொள். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டுச் சேச்சியிடம் கொடு.

நேற்று உன் இங்கிலீஷ் நோட்டுக்கு அட்டை போடும்போது பார்த்தேன். "யூஃபெமிசம்: கசப்பானதை நோகாமல் சொல்வது. உதாரணம்: என் அப்பா பம்பாயில் வேலை பார்க்கிறார்." டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறார்.

இதே ஊரில், ஆரியசாலையில் வேறொருத்தியோடு குடியிருக்கிற மனுஷனை மூன்று வருஷமாகப் பம்பாயில் வைத்திருந்தது நான்தான். உனக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். சாயங்காலம் வந்து எல்லாம் சொல்கிறேன்.

ரேஷன் கார்டு சரிபார்க்க ஆள் வரும். அப்பாவைக் கேட்டால் பம்பாய் வேண்டாம். எங்களோடு இல்லை என்று சொல்.

அம்மா

போன வாரம்கூட, "பம்பாயிலே இப்போ நல்ல மழையா இருக்கும், இல்லியாம்மா?" என்று கேட்டாயே. எனக்கு நோகக்கூடாது என்றா கேட்டாய், மக்ளே?